என் அம்மாவைக் குளிப்பாட்ட வந்தவர்

என் அம்மா இறந்து ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்துவிட்டன. அவரைக் குளிப்பாட்ட எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. என் சாட்சியை இந்த இடத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். அதற்கு முன் அல்லாஹ்வை எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். பெயர் தெரியும். பிஸ்மி சொல்லத் தெரியும். அல்ஹம்து சூராவில் பாதி தெரியும். அவ்வளவுதான்.

என் பெயர் ரஹ்மத். வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை மணி நேரம் மேலே ஏறினால் வரும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். அத்தா காதர், தோட்டத்து ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். அம்மா ஜெய்னம்பு, மலையில் கொழுந்து பறித்தார். எங்கள் தோட்டம் பெரியது. ஆனால் முஸ்லிம் குடும்பங்கள் இரண்டே இரண்டு. ஒன்று எங்களுடையது. இன்னொன்று, தோட்டத்து எல்லையில் சின்னக் கடை வைத்திருந்த சம்சுதீன் மாமாவுடையது. மாமாவின் மனைவி எப்போதோ இறந்துபோனார், பிள்ளைகள் கொழும்பில். ஆகவே முஸ்லிம் பெண்கள் என்றால் அந்த மலையில் அம்மாவும் நானும்தான்.

பள்ளிவாசல் டவுனில் இருந்தது. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தால் அத்தா ஜும்ஆவுக்குப் போவார். பெண்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. எனக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்க யாரும் வரவில்லை. யாரும் வராதது ஒரு குறை என்றுகூட எங்களுக்குத் தெரியாது. நோன்பு பிடிப்போம். பெருநாளுக்குப் புதுத்துணி உடுப்போம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், பக்கத்து லயத்தில் தீபாவளி, எங்கள் லயத்தில் பெருநாள். அப்படித்தான் இருந்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம். எனக்குப் பதினாறு வயது. மழை பிடித்தால் எங்கள் பக்கம் விடாது. அம்மா நெஞ்சுச் சளியோடு நான்கு நாள் மலைக்குப் போனார். ஐந்தாம் நாள் எழும்பவில்லை. மூச்சு வாங்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் குளிசை கொடுத்து, "டவுனுக்குக் கொண்டு போங்க" என்றார்கள். கொழுந்து லொறியில் ஏற்றினோம். மூன்றாவது வளைவில் மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. லொறி திரும்பி வந்தது.

அந்த லொறியில் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அல்லாவே, எங்கம்மாவக் காப்பாத்து" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்த நேரம், அம்மா மௌத்தானார்.

என் முதல் துஆவுக்கு, வேண்டுதலுக்கு, கிடைத்தது அதுதான். இதை மறைத்துவிட்டு மீதியைச் சொன்னால் நான் பொய் சாட்சி சொன்னவளாவேன்.

இஸ்திரி போட்ட மாதிரி அம்மா நேராகக் கிடந்தார். செய்தி கேட்டு சம்சுதீன் மாமா குடையோடு ஓடி வந்தார். அத்தா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். மாமா அவருடைய கையைப் பிடித்து இழுத்தார்.

"காதரு, எந்திரி. மௌத்தான பொறகு நிக்காஹ் முறிஞ்சு போச்சு. இப்ப நீ அந்நிய ஆம்பள. தொடக்கூடாது, மொகத்தப் பாக்கக்கூடாது. பாவமாப் போயிரும்."

மாமா எங்களைவிடக் கொஞ்சம் அதிகம் தெரிந்தவர் என்று நம்பியிருந்தோம். அத்தா எழுந்து வாசலுக்குப் போனார். அம்மாவுக்கும் அவருக்கும் இடையில் மாமா ஒரு சேலையைத் திரையாகக் கட்டினார். இருபது வருடம் ஒற்றை அறைக் காம்பராவில் அம்மாவோடு வாழ்ந்த மனிதர், அந்தச் சேலைக்கு இந்தப் பக்கம் குந்திக்கொண்டு மழையைப் பார்த்தபடி இருந்தார். மாமா கெட்டவர் அல்ல. யாரிடமோ காதில் விழுந்ததை மார்க்கம் என்று வைத்துக்கொண்டிருந்தார்.

யார் குளிப்பாட்டுவது? டவுனில் பெண் ஜனாஸா குளிப்பாட்டத் தெரிந்த ஒரே ஒரு பெண்மணி இருந்தார். அவர் கால் முறிந்து படுக்கையில். நடக்க முடிந்திருந்தாலும் பாதை இல்லை. பள்ளிவாசல் மௌலவி தன் ஊருக்குப் போயிருந்தார். பக்கத்துக் காம்பரா செல்லம்மா அக்கா என்னை அணைத்துக்கொண்டு சொன்னார்:

"புள்ள, நாங்க நாலு பொம்பளைங்க இருக்கோம். வெந்நி வச்சுக் குளிப்பாட்டி விட்டுர்றோம். ஜெய்னம்பு எங்களுக்கும் ஒடம்பொறப்புதானே?"

அத்தா தலையை ஆட்டி மறுத்தார். "கோவிச்சுக்காத செல்லம்மா. எங்க மொறை ஒண்ணு இருக்கு. தப்பா செஞ்சா அவளுக்கு அங்க கேள்வி வரும்."

"என்னா மொறைன்னு சொல்லுங்க, அப்படியே செய்றோம்."

"அது எனக்குத் தெரியலையே!"

அத்தா அப்போதுதான் அழுதார். அம்மா இறந்தபோதுகூட அப்படி அழவில்லை. தெரியவில்லை என்று தன் வாயால் சொன்னபோது, தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அன்றைய பகல் போயிற்று. இரவும் போயிற்று. மறுநாள் காலை தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து, அந்திக்குள் அடக்கிவிட வேண்டும் என்று தோட்டத்து மேனேஜர் துரை சொன்னதாகச் சொன்னார். துரை நல்லவிதமாகத்தான் சொல்லியனுப்பியிருந்தார். தோட்டத்துச் சுடுகாட்டுக்கு மேல், சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில் ஓர் இடமும் காட்டியிருந்தார். செல்லம்மா அக்காவின் புருஷன் பெருமாள் அண்ணன், "நான் ஸ்டேஷனுக்குப் போயி, மாஸ்டர்கிட்ட சொல்லி டவுனுக்குப் போன் அடிச்சுப் பாக்குறேன்" என்று சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினார்.

நான் குடத்தை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் மலைத் தண்ணீர் விழும் பீலிக்குப் போனேன். தண்ணீர் தேவையில்லை. அம்மா இருந்த அறையில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். பீலித் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. குளிப்பாட்டத் தண்ணீர் இத்தனை இருக்கிறது, குளிப்பாட்ட ஒரு கை இல்லை என்று நினைத்தேன். லொறியில் கேட்டது கிடைக்காத கோபமும் இருந்தது. அரபியில் கேட்கத் தெரியாது. எந்தப் பக்கம் திரும்பிக் கேட்பது என்றும் தெரியாது. சேற்றில் முட்டுக்காலிட்டுக் கேட்டேன்.

"அல்லாவே, அம்மாவத்தான் தரல. ஒரு பொம்பளைய அனுப்பு. தெரிஞ்ச ஒரு பொம்பளைய அனுப்பு."

இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறு வார்த்தை வரவில்லை. ஆமீன் சொல்ல வேண்டும் என்பதுகூட நினைவுக்கு வரவில்லை.

நடுப்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் செல்லம்மா அக்கா கத்தினார்: "புள்ள, இங்க வந்து பாரு!"

பாதையில் பெருமாள் அண்ணன் ஏறி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண். செருப்பைக் கையில் பிடித்திருந்தார். அங்கி முழங்கால்வரை சேறு. அவருக்குப் பின்னால் ஒரு மெலிந்த மனிதர், மூச்சிரைக்க.

நடந்ததைப் பெருமாள் அண்ணன் பிறகு சொன்னார். ஸ்டேஷனில் போன் வேலை செய்யவில்லை. ஆனால் அங்கே ஒரு ரயில் நின்றுகொண்டிருந்தது. பதுளைக்குப் போகிற ரயில். முந்தின நாள் பின்னேரம் வட்டகொடைக்கு அப்பால் தண்டவாளத்தில் மண் விழுந்ததால் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். ஆட்கள் பெட்டிக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார்கள்.

"திரும்பி வர்றப்ப சன்னல்ல பாத்தேன் புள்ள. இந்தம்மா உக்காந்து புஸ்தகம் வச்சு ஓதிக்கிட்டிருந்தாங்க. கிட்டப் போயி, 'அம்மா, எங்க தோட்டத்துல உங்காளு பொம்பள ஒண்ணு எறந்து கெடக்குறாங்க, குளிப்பாட்ட ஆளில்லை'ன்னேன். எவ்வளவு தூரம்னுகூட கேக்கல. புஸ்தகத்த மூடி முத்தம் குடுத்துட்டு எறங்கிட்டாங்க."

அவர் பெயர் ஹாஜரா. கண்டிப் பக்கத்தில் பெண்களுக்கான ஓர் அரபுக் கல்லூரியில் ஓதிக்கொடுக்கும் மௌலவியா. பெண்ணிலும் மௌலவி உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும். கூட வந்தவர் அவருடைய கணவர் ஜப்பார், தையல்காரர். பதுளையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகக் கிளம்பியவர்கள். எங்கள் பாதையை மூடிய அதே மழைதான் அவர்களுடைய ரயிலையும் நிறுத்தியது. சகோதரிகளே, இதை நான் எத்தனை தடவை நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அன்று சிலிர்க்கவில்லை. அன்று நான் அவருடைய காலைக் கட்டிக்கொண்டு கதறினேன்.

அவர் என்னைத் தூக்கி நிறுத்தினார். "மகள், அழுறதுக்குப் பொறகு நேரம் ஈக்கி. முதல்ல உம்மாட வேலைய முடிப்பம். வெந்நி வைங்கொ. புதுசா வெள்ளத்துணி ஈக்கா? கற்பூரம் ஈக்கா?"

வெள்ளைத்துணி எங்களிடம் இல்லை. செல்லம்மா அக்கா ஓடிப்போய், கோயில் திருவிழாவுக்காக வாங்கி மடிப்புக் கலைக்காமல் வைத்திருந்த வேட்டிகளைக் கொண்டு வந்தார். பெருமாள் அண்ணனுக்கு ஒன்று, அவருடைய தம்பிக்கு ஒன்று என்று வாங்கியவை. இன்னும் இரண்டு வீட்டிலிருந்து துணி வந்தது. கற்பூரம் சாமித்தட்டிலிருந்து வந்தது. கொடுக்கலாமா என்று அக்கா தயங்கி நின்றார். "தாங்கொ, கற்பூரம் கற்பூரம்தானே" என்று மௌலவியா வாங்கிக்கொண்டார்.

திரைக்குள் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் செய்தார். உடம்பை ஒரு துணியால் மூடியபடியே குளிப்பாட்ட வேண்டும். முதலில் அசுத்தம் நீக்க வேண்டும். பிறகு தொழுகைக்குச் செய்கிற மாதிரி ஒளுச் செய்து வைக்க வேண்டும். வலப்பக்கம் முதலில். ஒற்றைப்படை எண்ணிக்கையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். கடைசித் தண்ணீரில் கற்பூரம். கொழுந்துக் கறை பிடித்து அம்மாவின் விரல்கள் கறுத்திருந்தன. நான் அதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.

"விடுங்கொ மகள். அது அழுக்கில்ல."

தலைமுடியை மூன்றாகப் பின்னச் சொன்னார். சின்ன வயதில் அம்மா எனக்குப் பின்னிவிடுவார். அம்மாவுக்கு நான் பின்னியது அதுதான் முதலும் கடைசியும்.

இடையில் அவர் கேட்டார்: "வாப்பா எங்க? ஏன் வெளிய நிக்கிறாங்க?"

மாமா சொன்னதைச் சொன்னேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார். பிறகு அத்தாவை அண்ணன் முறையில் அழைத்து, திரைக்கு வெளியே கேட்கும்படி சொன்னார்.

"நானா, உங்கட மனைவிய நீங்க பாக்கலாம். நம்மட மத்ஹபுல, நாம பின்பத்துற சட்டவழியில, நீங்களே குளிப்பாட்டவும் ஏலும். அல்லாஹ் உங்களுக்கு அனுமதிச்சதை ஆரும் தடுக்க ஏலாது. உள்ளுக்கு வாங்கொ."

அத்தா உடனே வரவில்லை. பயந்தார். "பாவமில்லையாங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு சேலையை விலக்கிக்கொண்டு வந்தார். ஒன்றரை நாளுக்குப் பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். மௌலவியா கற்பூரத் தண்ணீர் இருந்த கிண்ணத்தை அவரிடம் நீட்டினார். அந்தக் கடைசித் தண்ணீரை அத்தாதான் ஊற்றினார். ஊற்றும்போது, "ஜெய்னம்பு, எனக்குத் தெரியல புள்ள, எனக்குத் தெரியல" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார்.

நான் பிறகு கற்றேன். குளிப்பாட்டுவதில் இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மனைவியின் முகத்தைக் கணவன் பார்க்கக்கூடாது என்று நான் ஓதிய எந்தக் கிதாபிலும் இல்லை. அந்த ஒன்றரை நாள் யாருடைய கணக்கில் எழுதப்படும்? தெரியாமல் சொன்ன மாமாவின் கணக்கிலா? சொல்லிக்கொடுக்க ஆளே அனுப்பாத நம் சமூகத்தின் கணக்கிலா?

ஜனாஸாத் தொழுகைக்கு ஆண்கள் மூன்றே பேர். ஜப்பார் நானாவுக்கு முழுக்கப் பாடமில்லை. மௌலவியா அவரைத் தனியாக அழைத்து, அல்லாஹு அக்பர் என்று சொல்லும் ஒவ்வொரு தக்பீருக்குப் பிறகும் ஓத வேண்டியதைச் சொல்லிக்கொடுத்தார். அவர் முன்னால் நின்றார். அத்தாவும் மாமாவும் பின்னால். அதற்கும் பின்னால் நாங்கள் இரண்டு பேர். தோட்டத்து ஆட்கள் மழையில் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி தள்ளி நின்றார்கள். குழி வெட்டியவர்கள் அவர்கள்தான். இருட்டும் முன் அம்மாவை அடக்கினோம்.

அடுத்த நாள் தண்டவாளம் சரியாகி, ரயில் போகப்போகிறது என்று தகவல் வந்தது. புறப்படும்போது மௌலவியா என்னைக் கேட்டார்: "மகள், ஓத வாறீங்களா?"

நான் அத்தாவைப் பார்த்தேன். அத்தா யோசிக்கவே இல்லை. "கூட்டிக்கிட்டுப் போங்கம்மா. இந்த மலையில ஒருத்திக்காவது தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

அடுத்து வந்த நோன்புப் பெருநாள் கழிந்து கல்லூரியில் சேர்ந்தேன். துஆ கபூலாகி ஏற்கப்பட்டுவிட்டது, இனி எல்லாம் லேசு என்று நினைத்தேன். அப்படி இல்லை. என் வகுப்பில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். நான் பதினேழு. அவர்கள் சின்ன வயதிலேயே குர்ஆனைப் பார்த்து ஓதி முடித்தவர்கள். நான் அலிஃப், பே-யிலிருந்து தொடங்கினேன். தொண்டையிலிருந்து வர வேண்டிய எழுத்து எனக்கு வரவே வராது. நான் ஓதினால் சிரிப்பார்கள். "தோட்டத்துப் புள்ள" என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். என் பேச்சைப் பார்த்து, நான் உண்மையிலேயே முஸ்லிமா என்று ஒருத்தி கேட்டாள். அரபு இலக்கணப் பரீட்சையில் இரண்டு வருடம் தொடர்ந்து ஃபெயில். ஒருநாள் பையைக் கட்டிவிட்டேன்.

ஹாஜரா மௌலவியா பையைப் பார்த்தார். போகாதே என்று சொல்லவில்லை. "போறதென்டா போங்கொ. ஆனா அங்க ஆராச்சும் ஒரு பெண் மௌத்தானா, இப்ப உங்களுக்குத் தெரிஞ்சது போதுமா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்கொ."

போதாது. அது எனக்கே தெரியும். பையை அவிழ்த்தேன். அன்று முதல் ஒவ்வொரு தொழுகையிலும் ஒரே துஆ: "யா அல்லாஹ், என் நாவை இளக்கிவிடு." அது ஒரே நாளில் இளகவில்லை. ஆறு வருடம் எடுத்தது. ஏழு வருடத்தில் முடிக்க வேண்டியதை எட்டு வருடத்தில் முடித்தேன். எல்லாருக்கும் கடைசியாகப் பட்டம் வாங்கியவள் நான்.

இரண்டாயிரங்களின் முதல் வருடங்களில் தோட்டத்துக்குத் திரும்பினேன். அத்தா இளைத்திருந்தார். தேயிலைத் தூசி நெஞ்சில் இறங்கி எப்போதும் இருமல். என்னை டவுன் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் கூட்டிக்கொண்டு போனார். துவைத்த சாரம் கட்டிக்கொண்டு நின்று, "எங்க புள்ள ஓதிட்டு வந்துருக்குங்க. பொம்பளைங்களுக்கு ஓதிக்குடுக்க ஒரு எடம் குடுங்க" என்றார்.

அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். பெண் மௌலவியா என்பது இந்த ஊருக்குப் புதுசு. யோசிக்க வேண்டும். பார்க்கலாம். ஒருவர் மட்டும் வெளிப்படையாகச் சொன்னார்: "லயத்திலிருந்து வந்து டவுன் பொம்புளைகளுக்குப் பாடம் நடத்துறதா?"

அத்தா துண்டால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டே என்னோடு திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு அவர் ஒரு வருடம்தான் இருந்தார். எனக்கு இடம் கிடைத்ததை அவர் பார்க்கவில்லை.

நான் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனேன். எட்டு வருடம் கிதாபு பிடித்த கை திரும்பவும் கூடை சுமந்தது. அந்த நாட்களில் அல்லாஹ்விடம் கோபித்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதற்காக என்னைப் படிக்க வைத்தாய் என்று கேட்டேன். பதில் இல்லை. இரண்டு வருடம் பதில் இல்லை.

ஒருநாள் காலை மலையில் நின்றபோது, வரிசைக்குக் கீழே ஒரு பெண் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். கொத்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து வந்தவர். பெயர் நூர்ஜஹான். நான்கு மணி நேரம் நடந்தும் பஸ்ஸிலும் வந்திருந்தார்.

"நீங்கதான் ஓதுன புள்ளயா? ஒண்ணு கேக்கணும். ஆம்பளைங்ககிட்ட கேக்க முடியாது."

கூடையை இறக்கி வைத்துவிட்டு, அவரோடு தேயிலைக்கு நடுவே உட்கார்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எட்டு வருடத்துக்கு முன்னால் சண்டையில் கணவர் தலாக் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு திரும்பி வந்தார். அன்றிலிருந்து சேர்ந்து வாழ்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு பிள்ளையும் பிறந்தது. ஆனால் தான் ஹராமில் வாழ்வதாக அவருடைய மனதுக்குள் உறுதியாகிவிட்டது.

"அதனால நான் தொழுவுறதில்லம்மா. நோன்பும் புடிக்கிறதில்ல. என்னைய மாதிரி ஒருத்தி தொழுதா அந்தத் தொழுகைக்கே அசிங்கம்னு நெனச்சேன். எட்டு வருஷமாச்சு."

நான் பதறாமல் கேட்டேன். எத்தனை தடவை சொன்னார்? ஒரு தடவைதான். எப்போது திரும்பி வந்தார்? ஒரு மாதம் கழித்து. வந்தபோது வாயால் ஏதாவது சொன்னாரா?

"வாசல்ல நின்னு, 'நீ எம் பொண்டாட்டிதான், உன்னையத் திருப்பி எடுத்துக்கிட்டேன்'னு சொன்னாரு."

எனக்கு மஸ்அலா, மார்க்கச் சட்டம், தெரியும். ஒரு தலாக். இத்தா என்ற காத்திருப்புக் காலம் முடியும் முன் மீட்டுக்கொண்டார். நிக்காஹ் அப்படியே இருக்கிறது. இருந்தாலும் அவசரப்படவில்லை. ஹாஜரா மௌலவியாவுக்கு எழுதிக் கேட்டேன். கணவனும் மனைவியுமாக, திருமண வழக்குகளைப் பார்க்கும் காதியாரிடம் போகச் சொன்னேன். இரண்டு இடத்திலும் அதே பதில். ஆனால் அன்றே, அந்த மலையிலேயே, ஒன்றை மட்டும் உறுதியாகச் சொன்னேன்: "அக்கா, நிக்காஹ் விஷயம் எப்படி இருந்தாலும் தொழுகையை விடச் சொல்லி யாரும் சொல்லல. அல்லாஹ் உங்கள வெரட்டல."

அவர் அழவில்லை. "ஒரு வார்த்தை கேக்க எட்டு வருஷமா ஆளில்லாமப் போச்சே" என்றார். எழுந்து பீலியைத் தேடிப் போய், ஒளுச் செய்துவிட்டு வந்தார். எப்படித் தொழுவது என்று மறந்துபோயிருந்தது. நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தேன். மற்ற பெண்கள் பறிப்பதை நிறுத்தாமல், எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கங்காணி பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

என் கோபத்துக்கு அல்லாஹ் அனுப்பிய பதில் அந்தப் பெண்தான் என்று நம்புகிறேன். இரண்டு வருடமாக நான் இடம் கேட்டுக்கொண்டிருந்தேன். கேள்வியோடு ஒரு மனுஷியை அவன் என்னிடம் அனுப்பினான்.

நூர்ஜஹான் அக்கா இன்னும் இரண்டு பெண்களிடம் சொன்னார். அவர்கள் மேலும் சிலரிடம் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய காம்பராவில் கூடினோம். அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்வோம். அவர்கள் கேட்டதைக் கேட்டால் நீங்கள் அழுவீர்கள். குளிப்பு எப்போது கடமை, மாதத் தீட்டில் விட்ட நோன்பை எப்போது பிடிப்பது, பெயர் வைக்கும் முன் இறந்த குழந்தைக்குத் தொழுகை உண்டா. கடைசிக் கேள்வியைக் கேட்டவர், தன் குழந்தையை யாருக்கும் சொல்லாமல் தேயிலைக்கடியில் புதைத்தவர். அதற்கு நான் சொன்ன பதிலில் அவருடைய துக்கம் தீரவில்லை. என் பதில் எல்லாரையும் ஆற்றியது என்று நான் இங்கே எழுத முடியாது.

டவுன் பள்ளிவாசலில் சில வருடங்களுக்குப் பிறகு பின்பக்கம் ஓர் அறை தந்தார்கள். நிர்வாகத்தில் புது ஆட்கள் வந்திருந்தார்கள். இன்றும் என் சலாமுக்குப் பதில் சொல்லாதவர்கள் உண்டு. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் மலைத்தோட்டங்களில் ஜனாஸா குளிப்பாட்டத் தெரிந்த பெண்கள் இப்போது ஒன்பது பேர் இருக்கிறார்கள். ஒருத்தி மௌலவியாவாக ஓதிக்கொண்டிருக்கிறாள். இன்னும் மூன்று தோட்டங்களில் ஒருத்தரும் இல்லை. அங்கே போகிற பாதை மழைக்கு உடைந்திருக்கிறது. அடுத்த மாதம் நடந்தாவது போக வேண்டும்.

அல்ஹம்துலில்லாஹ். நான் கேட்டதில் கிடைக்காதவை உண்டு, கிடைத்தவை உண்டு. கிடைத்தவற்றில் ஒன்றுகூட நான் நினைத்த நேரத்தில், நினைத்த விதத்தில் வரவில்லை. ஆனாலும் கேட்காமல் இருந்திருந்தால் நான் என்னவாகியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

இதை வாசிக்கும் சகோதரியே, இன்று உங்கள் வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: நம்மில் ஒரு பெண் மௌத்தானால் குளிப்பாட்டத் தெரிந்தவர் யார்? மார்க்கத்தில் ஒரு சந்தேகம் வந்தால், வெட்கப்படாமல் நாம் யாரிடம் போய்க் கேட்பது? பெயர் ஒன்றும் வராவிட்டால் பயப்படாதீர்கள். அரபி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உங்களுக்குத் தெரிந்த பாஷையில் அல்லாஹ்விடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்கள் மகளை ஓத அனுப்புங்கள். மகள் இல்லையென்றால் நீங்களே வந்து உட்காருங்கள். சாக்கில் இடமிருக்கிறது.